கமறியா சாச்சிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வருத்தம்

கமறியா சாச்சி இன்னும் ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று தோஹாவில் எனக்குச் சொன்னவர் என்னோடு வேலை செய்கிற ஜபார். ஜபாருக்கு அதைச் சொன்னது புத்தளம் தில்லையடியில் இருக்கும் அவருடைய மனைவி. மனைவிக்குச் சொன்னது சாச்சியின் ஊரான நுரைச்சோலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த கூட்டம். கூட்டத்துக்கு யார் சொன்னார்கள் என்பது ஜபாருக்குத் தெரியாது.

“ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்களாம். ஒரு சின்னப் புள்ள கையப் பிடிச்சிக்கொண்டு போகுதாம். ஊசி போடுறாங்களாம். என்ன வருத்தம் எண்டு ஒருத்தருக்கும் சொல்றாங்க இல்லையாம்,” என்றார் ஜபார். “சொல்லாட்டி உங்களுக்கு விளங்கும்தானே.”

எனக்கு விளங்கியது. பெயர் சொல்லாத வருத்தம் என்றால் என் மனதில் வருவது ஒன்றுதான். உடனே சாச்சியை அழைத்தேன். எதையோ மென்றுகொண்டே பேசினார்.

“சாச்சி, எப்படிச் சுகம்?”

“அத ஏன் கேக்கிறாய் மகன். ஏலாது.”

“என்ன ஏலாது?”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“ஞாயிறு.”

“அப்ப ஒண்டுமில்ல. நல்லா இரிக்கிறன்.”

இந்தப் பதில் என் பயத்தை இரண்டு மடங்காக்கியது. வருத்தம் மூளைக்கு ஏறிவிட்டது என்று முடிவெடுத்து அவசர விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன். காரணத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘தாயின் தங்கை’ என்பதைத் ‘தாய்’ என்று சுருக்கினேன். விமானத்தில் வழி முழுவதும், சாகக் கிடப்பவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஓதினேன்.

மறுநாள் வாசலில் போய் இறங்கியபோது சாச்சி முருங்கை மரத்தில் சாத்திய ஏணியின் ஆறாவது படியில் நின்று காய் பறித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தார். பிறகு வேலிக்கு அப்பால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். மளமளவென்று இறங்கினார். நிலத்தில் கால் பட்டதும் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “கமறியா ராத்தா, போன கிழமை இடது கால்தானே இழுத்தது?”

“வலி மாறி மாறி வருகுது ஜெமீலா. ஒரே கால்ல நிண்டா நான் இந்நேரம் மவுத்தாகி இருப்பன்.”

ஜெமீலா பக்கத்து வீட்டுக்காரி. நல்லவள். அதுதான் சாச்சிக்கு அவளால் வந்த வில்லங்கம்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் சாச்சியின் கால் நேரானது. எனக்கு முன்னால் இரண்டு ரொட்டியும் சம்பலும் வைத்தார். நான் எதற்காக வந்தேன் என்று கேட்டறிந்து, தலையில் கை வைத்துச் சிரித்தார். அழுதுவிடுவேன் போலிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவு பிடிக்கவில்லை.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மகன். முழங்கால் மட்டும் கொஞ்சம். அது அம்பது தாண்டின எல்லாருக்கும் உள்ளது. மிச்சமெல்லாம் மத்தவங்கட வருத்தம்.”

சாச்சி மருதோண்டி போடுகிறவர். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவருக்கு இருபத்துநான்கு வயது. கொண்டுவந்த ஒரே பையும் கடலில் நனைந்து போயிருந்தது. அகதி முகாமில் நடந்த முதல் கல்யாணத்தில் மணப்பெண்ணின் கையில் அவர் போட்ட கொடியும் பூவும் பேசப்பட்டன. அதன் பிறகு கண்டக்குழியிலிருந்து தில்லையடி வரை அவருக்கு வேலை குறைந்ததில்லை.

மருதோண்டி போட்டுக்கொண்ட பெண் இரண்டு மூன்று மணித்தியாலம் கைகளை நீட்டியபடி இருக்க வேண்டும். மூக்கில் ஊறல் எடுத்தால் சொறிய முடியாது. போன் அடித்தால் எடுக்க முடியாது. தேநீரைச் சாச்சிதான் வாயில் வைத்துப் பருக்குவார். போனையும் அவர்தான் காதில் பிடிப்பார். மூக்குச் சொறிந்துவிடுகிற ஆளிடம் எந்தப் பெண்ணும் நெடுநேரம் எதையும் ஒளித்து வைப்பதில்லை என்பது அவருடைய அனுபவம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் பெருநாள் மருதோண்டிக்கு வந்த ஒரு புதுப்பெண் கை காய்வதற்குள் அழுதாள். ஃபஹ்மியா என்று வைத்துக்கொள்வோம். (சாச்சியின் பெயர் உட்பட இதில் வருகிற பெயர்களெல்லாம் நான் வைத்தவை. ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழமையும் உண்மையில் செவ்வாய் அல்ல.) கல்யாணம் முடித்து ஐந்து மாதம். கணவன் கொழும்பில் வேலை. மூன்று மாதமாக அவளுக்குக் கீழே எரிவும் வலியும். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கிழமையே சாச்சி அவளைப் புத்தளம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பாலியல் நோய்களுக்கான கிளினிக் அங்கே ஒரு பின்கட்டடத்தில் இருந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரும் ஏசவில்லை. குளிசை கொடுத்தார்கள். குணமானது.

வில்லங்கம் வீட்டுக்கு வந்த பிறகுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் நோய் விசாரிக்கப் போவது கடமை. மோல்ட் டின், மாரி பிஸ்கட், ஓதின தண்ணீர் என்று கையில் எதையாவது கொண்டு போவார்கள். கதிரையில் உட்கார்ந்து, என்ன வருத்தம், எந்த டொக்டர், எந்தக் கிளினிக் என்று அன்போடு கேட்பார்கள். பதில் கிடைக்கும்வரை எழும்பமாட்டார்கள். ஃபஹ்மியாவைப் பார்க்க இரண்டு நாளில் பதினான்கு பேர் வந்தார்கள். பதினைந்தாவதாக வந்தவர் அவளைப் பின்கட்டடத்து வாசலில் கண்டவர்.

அதன் பிறகு மாமியார் வீட்டில் ஃபஹ்மியாவின் தேநீர்க் கோப்பையைத் தனியாக வைத்தார்கள். வருத்தத்தைக் கொண்டு வந்த கணவனின் கோப்பை மற்றக் கோப்பைகளோடு இருந்தது.

சாச்சிக்கு அந்தக் கோப்பையை மறக்க முடியவில்லை. பல நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வருத்தக்காரரைத்தான் ஊர் விசாரிக்கும். கூடத் துணைக்குப் போனவளிடம் ஒருவரும், உனக்கு என்ன என்று கேட்பதில்லை. ஆகவே அன்றிலிருந்து சாச்சி வருத்தக்காரர் ஆனார். பெண்கள் அவருக்குத் துணைக்குப் போனார்கள்.

முதல் வருடம் சீனி வருத்தம் என்று சொன்னார். அது பெரிய பிழை. அந்த வருடம் எந்தக் கல்யாணத்திலும் சாச்சிக்கு வட்டிலப்பம் கிடைக்கவில்லை. அவர் கை நீட்டுவதற்குள் ஜெமீலா தட்டை நகர்த்திவிடுவாள். அடுத்த வருடம் பிரஷருக்கு மாறினார். கருவாட்டையும் ஊறுகாயையும் நிறுத்தினார்கள். பிறகுதான் சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத முழங்காலுக்கு வந்தார். ஆறு வருடத்தில் பதினெட்டுப் பெண்கள் அவருடைய கையைப் பிடித்துப் பின்கட்டடத்துக்குப் போய்ச் சுகமாகித் திரும்பினார்கள். சாச்சி மட்டும் சுகமாகவே இல்லை. ஒவ்வொரு பெண்ணோடும் அவருடைய நிலைமை மோசமாகியது. ஊர் அவருக்காகத் துஆக் கேட்டது. அனுப்பிய கஞ்சியில் சாச்சி நன்றாகப் பூரித்திருந்தார். அதையும் வீக்கம் என்றார்கள்.

சாச்சா பதியுதீனுக்கு இதிலெல்லாம் பங்கில்லை. வீட்டுக்குப் பின்னால் மணல் தரையில் வெங்காயம் போடுகிறார். பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதும் தொழுவதும்தான் அவருடைய உலகம். ஆனால் சாகப்போகிற மனைவியின் கணவனை ஊர் சும்மா விடுமா? கண்டக்குழியில் கணவனை இழந்த ஒரு பெண் இருப்பதாகவும், நல்ல குணம் என்றும், மீன் ஆணம் வைத்தால் தெருவே மணக்கும் என்றும் பள்ளிவாசல் படியில் வைத்து இரண்டு பேர் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“நீங்க என்ன சொன்னீங்க சாச்சா?” என்று கேட்டேன்.

“‘அல்லாஹ் போதுமானவன்’ எண்டு சொன்னன். அது பொய்யில்லத்தானே.”

“வேணாம் எண்டு சொல்லல்ல,” என்று குசினியிலிருந்து சாச்சி சொன்னார். “இந்த மனிசன் எல்லாம் சொன்னாரு. வேணாம் எண்டு மட்டும் சொல்லல்ல.”

சாச்சா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார்.

இந்த முறை துணைக்கு வருகிறவள் ஸும்ரா. கண்டக்குழி. இருபத்திரண்டு வயது, நான்கு மாதக் கர்ப்பம். தாய்மார் கிளினிக்கில் எல்லோருக்கும் எடுப்பது போல அவளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். சிபிலிஸ் என்று வந்தது. கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி. இரண்டு முடிந்திருந்தது. மூன்றும் போட்டால் அவளுக்கும் சுகம், பிள்ளைக்கும் ஆபத்து நீங்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கணவனும் ஊசி போட வேண்டும். போடாமல் அவன் வந்து சேர்ந்தால் அவளுக்குப் போட்ட ஊசியெல்லாம் வீண். மறுபடியும் தொற்றும். பிள்ளைக்கும் போகும்.

கணவன் அஃப்ராஸ் தோஹாவில் லொறி ஓட்டுகிறான். நான்கு மாதத்துக்கு முன் வந்து போனவன் இந்தச் சனிக்கிழமை மறுபடியும் லீவில் வருகிறான். அவனுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை நானும் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். ஸும்ரா முதலே கண்டக்குழியிலிருந்து வந்து நின்றாள். மெலிந்த பெண். அதிகம் பேசாதவள். எங்களுக்குப் பின்னால் குடையும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக ஜெமீலா வந்தாள்.

“ராத்தாவ இந்தச் சின்னப் புள்ளயோட தனிய அனுப்ப எனக்கு மனசு கேக்கல்ல. நானும் வாறன்.”

சாச்சியின் முகத்தில் உண்மையான வருத்தம் அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் ஓர் இடம்தான் இருந்தது. ஸும்ராவை அதில் இருக்கச் சொல்லிச் சாச்சி தள்ளினார். முன்னாலிருந்த ஒரு மனிதர் திரும்பினார். “தங்கச்சி, வருத்தக்கார மனிசி நிக்கிறா, உங்களுக்கு விளங்கல்லயா?” என்று ஏசினார். ஸும்ரா எழும்பினாள். சாச்சி அவளைத் தோளில் அழுத்தி மறுபடியும் இருத்தினார்.

“நிண்டு போனாத்தான் முழங்காலுக்கு நல்லது எண்டு டொக்டர் சொன்னவர்.”

“எந்த டொக்டர் அப்படிச் சொன்னது?” என்று ஜெமீலா கேட்டாள்.

“புது டொக்டர்.”

புத்தளம் வரை சாச்சி நின்றே வந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் எந்தக் காலில் தாங்குவது என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெமீலாவின் கையைச் சாச்சி பிடித்தார். “ஜெமீலா, எனக்குக் கண்ணும் மங்கலா இரிக்கி. முழங்காலக் காட்டிட்டு வாறதுக்குள்ள கண் கிளினிக் நம்பர் முடிஞ்சி போகும். நீ போய் எனக்கு இடம் பிடிச்சி நில்லு.”

கண் கிளினிக்கில் மூன்று மணித்தியாலம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெமீலா கடமையோடு போய் நின்றாள். சாச்சியும் ஸும்ராவும் பின்கட்டடத்துப் பக்கம் நடந்தார்கள். நான் கன்டீனில் ஒரு பணிஸை வாங்கி வைத்துக்கொண்டு, யாராவது தெரிந்தவர்கள் கண்டு, எனக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று கண் கிளினிக்கில் இரண்டு டொக்டர்மார் இருந்தார்களாம். அரை மணித்தியாலத்தில் ஜெமீலாவின் முறை வந்துவிட்டது. இது வேறொருவருக்குப் பிடித்த இடம் என்று அவள் சொல்வதற்குள் கதிரையில் இருத்தி இரண்டு கண்ணிலும் மருந்து விட்டுவிட்டார்கள். ஊசி முடிந்து ஸும்ரா வெளியே வந்த நேரத்தில் ஜெமீலா பின்கட்டடத்துக்கு நேரெதிரே, பத்தடி தூரத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றாள்.

“ஆரு அது? ராத்தாவா?”

“நான்தான் ஜெமீலா. என்ன நடந்த?”

“ஒண்டும் தெரியுதில்ல ராத்தா. எல்லாம் வெள்ளையா இரிக்கி.”

திரும்பும்போது ஒரு பக்கம் சாச்சியும் மறு பக்கம் ஸும்ராவுமாக ஜெமீலாவைக் கைப்பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். சாச்சி நொண்ட மறந்துவிட்டார். அதைக் கவனித்துக் கேட்கக்கூடிய ஒரே ஆளுக்கு அன்று கண் தெரியவில்லை. காலையில் ஏசிய அதே மனிதர் எழுந்து ஜெமீலாவுக்கு இடம் கொடுத்தார். பின்னேரமே மோல்ட் டின்கள் ஜெமீலா வீட்டுக்குப் போகத் தொடங்கின.

பஸ்ஸில் வரும்போது சாச்சி என் காதருகே சொன்னார். “கிளினிக்கில நேர்ஸ் மிஸ் மறுபடியும் கேட்டா, மாப்பிளைக்குச் சொல்லியாச்சா எண்டு. இவள் தலையக் குனிஞ்சிக்கொண்டு இருந்தாள். சனிக்கிழமை வாறான் மகன்.”

புதன்கிழமை மூன்றரைக்கு ஸும்ரா சாச்சி வீட்டுக்கு வந்தாள். வேலிக்கு அப்பால் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் எங்கள் பக்கத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. சாச்சி என்னை எதிரே இருத்தினார்.

“இவ்வளவு நாளும் எல்லாப் புள்ளைகள்ட வருத்தத்தையும் நான் எடுத்துக்கிட்டன். அஃப்ராஸுக்குப் பதிலா ஊசி போட எனக்கு ஏலாதே. நீ ஆம்பிள. அவனும் தோஹா, நீயும் தோஹா. நீ அவனோட கதை. அங்க போட ஏலாட்டி, வந்த உடனே வீட்டுக்குள்ள வராம நேரா என்னோட ஆஸ்பத்திரிக்கு வரட்டும். என்னத் தூக்கிக்கொண்டு போக ஆம்பிள ஒருத்தர் வேணும் எண்டு சொல்றன். டொக்டர் சொல்ற நாள் முடியும் வரைக்கும் தனிப் பாய். அவ்வளவுதான்.”

எனக்குத் தமிழும் ஆங்கிலமும் படிப்பித்தார்கள். இரண்டிலும் இந்த விடயத்துக்குச் சொற்கள் இருக்கின்றன. இரண்டிலும் உள்ளவை சுவரில் ஒட்டுகிற சொற்கள். ஒரு லொறிச் சாரதியிடம் போனில் சொல்லக்கூடியதாக ஒன்றுமில்லை. முதலில் பழகிப் பார்ப்போம் என்றேன். சாச்சி கதிரையில் ஒரு காலை மடித்துப் போட்டு அஃப்ராஸ் ஆனார். குரலைத் தடிப்பாக்கினார்.

“ஹலோ, ஆரு?”

“அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நான் சுஹைர், நுரைச்சோலை. உங்களுடைய உடல்நலம் சம்பந்தமாக ஒரு சிறிய விடயம் கலந்துரையாட—”

“வெச்சிட்டான்,” என்றார் சாச்சி. “நீ என்ன வங்கியில இருந்தா கதைக்கிறாய்? திரும்பச் சொல்லு.”

“தம்பி, பிழையா நினைக்க வேணாம். உங்களுக்கு ஒரு தொற்று இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

“இல்ல எண்டுதான் சொல்வான். இன்னும் ஒருக்கா.”

“ஸும்ராவுக்கு இரத்தம் எடுத்தாங்க. அதில—”

சாச்சி கதிரையிலிருந்து பாய்ந்து எழும்பினார். “என்ட பொண்டாட்டிட இரத்தத்தப் பத்தி உனக்கு என்னடா கதை? நீ ஆரு?”

இதற்கு நான் ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை. சாச்சியும் தான் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் மெதுவாக உட்கார்ந்தார்.

“அதத்தான் அவர் முதல்ல கேப்பார்,” என்றாள் ஸும்ரா. “நான் கதைக்கிறன்.”

“வேணாம் மகள். கோவம் முழுக்க உன்ட மேல வரும்.”

“வரட்டும் மாமி. எனக்கும் கோவம் இரிக்கி. நானும் கொஞ்சம் கோவிக்க வேணுமே.”

“என்னண்டு சொல்லுவாய்?”

ஸும்ரா யோசிக்கவில்லை. “‘எனக்கு மூணு ஊசி போட்டாச்சி. நீங்களும் போட வேணும். போடாம என்ட பக்கத்தில வர ஏலாது. எங்கயிருந்து வந்தது எண்டு நான் இப்ப கேக்கல்ல. ஒருநாளும் கேக்க மாட்டன் எண்டும் சொல்லல்ல.’ அவ்வளவுதான்.”

சாச்சி என்னைப் பார்த்தார். நான் சாச்சியைப் பார்த்தேன். எங்கள் இருவருடைய ஒரு மணித்தியாலமும் அந்த ஐந்து வரிக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

“இத இவ்வளவு நாளும் ஏன்டி எனக்குச் சொல்லல்ல?”

“நீங்க எங்க கேட்டீங்க. நீங்கதானே வருத்தக்காரர். நான் துணைக்கு வந்தவள்தானே.”

அந்தப் பதினெட்டுப் பெண்களும் சாச்சியின் கண்ணுக்கு முன்னால் வந்து போயிருக்க வேண்டும். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

ஸும்ரா தன் போனை எடுத்தாள். தோஹாவில் அது பகல் சாப்பாட்டு நேரம். அழைத்தாள். முழுவதும் அடித்து ஓய்ந்தது.

“சாப்பிடப் போயிருப்பான்,” என்றார் சாச்சி.

மறுபடியும் அழைத்தாள். அடித்து ஓய்ந்தது.

“லுஹர் தொழப் போயிருப்பான்.”

“அவரா?” என்றாள் ஸும்ரா. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன். அவள் திரையைப் பார்த்தாள். “ஒன்லைன்லதான் இரிக்கார்.”

வேலிக்கு அப்பால் யாரோ ஜெமீலாவிடம், “எந்தக் கண் புள்ள?” என்று கேட்பது கேட்டது. சாச்சா பிடுங்கிய வெங்காயத்தோடு பின்வாசல் வரை வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

“நாளைக்கு எடுப்பம் மகள்,” என்றார் சாச்சி.

“நாளைக்கு நான் இப்படி இரிக்க மாட்டன் மாமி.”

மூன்றாவது முறை அவள் போனைக் காதில் வைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டி மேசை மேல் வைத்து, இரண்டு கைகளையும் அதன் இரு பக்கமும் ஊன்றிக்கொண்டாள். மணி போகத் தொடங்கியது. நான் எண்ணினேன். ஐந்து, ஆறு. சாச்சியின் உதடுகள் அசைந்தன. துஆவா, அவள் சொன்ன அந்த ஐந்து வரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு. எட்டு.